எருக்குழியில உருளுற வெள்ளைப்புழு யாரு? காண்டாமிருக வண்ட வகைப்படுத்தி கண்டுபிடிக்குறது எப்படி

தென்னை வச்சிருக்கவங்ககிட்ட, குருத்தத் துளைக்கிற காண்டாமிருக வண்டு, அதான் கொம்பு வண்டு, அதப் பத்தி கேட்டா எல்லாரும் "அதான் தெரியுமே"ம்பாங்க, நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். கஜா புயல் அடிச்சதுக்கு அடுத்த வருஷம் எருக்குழிய வெட்டி தோப்புக்கு அள்ளலாம்னு மம்பட்டிய போட்டா வெட்டுக்கு வெட்டு வெள்ளைப்புழுவா உருளுது, ஒரு இரும்புச்சட்டி நெறைஞ்சு போச்சு. சித்தப்பா எட்டிப் பாத்துட்டு "அம்புட்டும் கொம்பு வண்டுப் புழுடா, கோழிக்கு கொட்டு"ன்னாரு. கொட்டிட்டேன், கோழிக்கு அன்னைக்கு தீபாவளி. ஆனா தோப்புல குருத்து வெட்டு ஒரு மரத்துல கூட கொறையல. பொறகு தான் புரிஞ்சுது, அந்த சட்டியில இருந்ததுல முக்காவாசி காண்டாமிருக வண்டே கெடையாது, குப்பைய தின்னு மக்க வைக்கிற வேற வண்டோட புழு. நெசமான ஆளு குழியில கொஞ்சமாவும், புயல்ல விழுந்து வரப்போரம் தள்ளி விட்டிருந்த தென்னந்துண்டுக்குள்ள கூட்டமாவும் குடும்பம் நடத்திக்கிட்டு இருந்துச்சு.

அதனால இந்த வகைப்பாடு, குடும்பம், பேரினம்ங்குறத எல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற சமாச்சாரம்னு ஒதுக்கிடாதீங்க. ஒவ்வொரு படியும் வண்டுல எங்க பாக்கணும்னு சொல்ற ஒரு குறிப்பு. வண்ட கையில வச்சுக்கிட்டு மேலேர்ந்து கீழ இறங்குவோம். பயப்பட வேணாம், அது கொட்டாது, கால்ல இருக்குற முள்ளு மட்டும் விரல்ல கொஞ்சம் பிராண்டும். புடிச்சா வயித்த இறக்கையோட உரசி கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம் போடும், அது வெறும் மிரட்டல்.

விலங்கு, கணுக்காலி, ஆறு காலு இருக்குறதால பூச்சி, இது வரைக்கும் ஸ்கூல் பாடம் தான். அடுத்தது வரிசை, கோலியாப்டெரா. கிரேக்கத்துல உறை போட்ட இறக்கைன்னு அர்த்தம். முதுகப் பாருங்க, மேல் இறக்கை ரெண்டும் ஓடு மாதிரி கெட்டியாகி நடு முதுகுல நேர்கோடா ஒண்ணோட ஒண்ணு சேருதா, அப்ப அது வண்டு. கரப்பான் இறக்கை ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கெடக்கும், நாவாய்ப்பூச்சிக்கு முதுகுல பெருக்கல் குறி மாதிரி விழும். வண்டுக்கு நேர்கோடு. இந்த ஒரு வரிசையில மட்டும் இது வரைக்கும் பேர் வச்சதே 4 லட்சம் இனத்துக்கு பக்கம் வரும், அதனால "இது ஒரு வண்டு"ன்னு கண்டுபிடிச்சதோட நிக்குறது, மெட்ராஸ்ல எறங்கிட்டு "இங்க குமார் வீடு எது"ன்னு கேக்குற மாதிரி.

அதுக்கு கீழ துணைவரிசை பாலிஃபாகா. இதுக்கு அடையாளம் பின்னங்கால் பொருந்துற எடத்துல இருக்கு, லென்ஸ் வேணும், வண்டுல பெரும்பாலானது இதுல தான் வரும், அதனால தாண்டிப் போயிடலாம்.

அடுத்த படி தான் முக்கியமானது. ஸ்காரபேயாய்டியாங்குற பெருங்குடும்பம், அதுக்குள்ள ஸ்காரபேயிடே குடும்பம். இத மீசைய வச்சு கண்டுபிடிக்கணும். வண்ட ஒரு நிமிஷம் சும்மா விட்டா அடக்கி வச்சிருக்குற மீசைய நீட்டும், நுனியில மூணு தகடு இருக்கும், சின்ன விசிறி மாதிரி விரிக்கும், மறுபடி மடக்கும். அந்த விசிறிய நான் மொதல்ல பாத்தப்ப அரை மணி நேரம் வேற வேலை ஓடல. வாசனை புடிக்கிற கருவி அது, எரு எங்க, மக்குன மரம் எங்க, சோடி எங்கன்னு இருட்டுல அத வச்சு தான் மோப்பம் புடிக்குது. சின்ன வயசுல தீப்பெட்டிக்குள்ள இலை போட்டு வளத்தோமே பொன்வண்டு, அதுக்கு மீசை ரம்பப் பல்லு மாதிரி தான் இருக்கும், விசிறி கெடையாது, அது புப்ரெஸ்டிடேங்குற வேற குடும்பம். சாணிய உருட்டிக்கிட்டு போற வண்டுக்கு இதே விசிறி உண்டு, ஏன்னா அதுவும் ஸ்காரபேயிடே தான், நம்ம கொம்பனுக்கு பங்காளி.

பங்காளிங்கள பிரிக்குறது துணைக்குடும்பம். நம்மாளு டைனாஸ்டினே. மேலேர்ந்து நேரா தலைய பாத்தா தாடை ஓரம் வெளிய நீட்டிக்கிட்டு தெரியணும். வேர்ப்புழுவா வந்து கடலையயும் கரும்பையும் காலி பண்ணுதே ஹோலோட்ரிக்கியா, அதுக்கு தாடை நெத்தித் தகட்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், அது மெலோலோந்தினே. காலு நகமும் பாருங்க, டைனாஸ்டினேக்கு பொதுவா ரெண்டு நகமும் ஒரே அளவு, ரூட்டெலினேன்னு இன்னொரு கூட்டத்துக்கு ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. பழைய புத்தகம் சிலதுல டைனாஸ்டிடேன்னு தனிக் குடும்பமாவே போட்டிருக்கும், ரெண்டும் வேற வண்டோன்னு குழம்பாதீங்க, பிரிச்ச விதம் தான் வேற.

பேரோட வால வச்சே எந்தப் படின்னு சொல்லிடலாம். ஆய்டியான்னு முடிஞ்சா பெருங்குடும்பம், இடேன்னு முடிஞ்சா குடும்பம், இனேன்னா துணைக்குடும்பம், இனின்னா அதுக்கும் கீழ இருக்குற கிளை. விலங்குங்க எல்லாத்துக்குமே இந்த வழக்கம் தான். நம்ம வண்டோட கிளை ஒரிக்டினி, பேரினம் ஒரிக்டெஸ், இனம் ரைனோசெரோஸ். ஒரிக்டெஸ்னா கிரேக்கத்துல தோண்டுறவன், ரைனோசெரோஸ்னா மூக்குல கொம்பு உள்ளவன். மூக்குல கொம்பு வச்ச தோண்டி, எவ்வளவு பொருத்தமா வச்சிருக்காங்க பாருங்க, குருத்தத் தோண்டுறதே பொழப்பு. கேரளாக்காரங்க கொம்பன் செல்லின்னு கூப்பிடுறாங்க, அதுவும் நல்லா தான் இருக்கு.

முழுப்பேர எழுதுறப்போ ஒரிக்டெஸ் ரைனோசெரோஸ் (லின்னேயஸ், 1758)னு எழுதணும். இங்கிலீஷ் எழுத்துல எழுதுனா பேரினத்துக்கு மட்டும் மொத எழுத்து பெருசு, இனத்துக்கு சின்னது, ரெண்டு வார்த்தையும் சாய்வெழுத்து. அந்த அடைப்புக்குறி சும்மா அழகுக்கு இல்ல. 1758ல லின்னேயஸ் இந்த வண்டுக்கு வச்ச பேரு ஸ்காரபேயஸ் ரைனோசெரோஸ், அப்பல்லாம் கொம்பு வண்டு சாணி வண்டு எல்லாத்தயும் ஸ்காரபேயஸ்ங்குற ஒரே பொட்டியில போட்டுட்டாரு. பின்னாடி வந்தவங்க பிரிச்சு ஒரிக்டெஸுக்கு மாத்துனாங்க. இப்படி பேரினம் மாறியிருந்தா மொதல்ல பேர் வச்சவர அடைப்புக்குறிக்குள்ள போடணும். எகிப்துக்காரங்க கும்பிட்ட சாணி வண்டு இருக்கே, ஸ்காரபேயஸ் சாசர் லின்னேயஸ், 1758, அதுக்கு குறி கெடையாது, ஏன்னா அது மொத நாள் வச்ச பொட்டியிலயே இன்னும் இருக்கு. நம்ம ஊரு வெவசாய நோட்டீஸ் பாதியில இந்தக் குறிய விட்டுடுறாங்க, சின்ன விஷயம் தான், பாக்குறப்பல்லாம் கை அரிக்குது.

சரி, இனம் இது தான்னு உறுதி பண்ண கடைசியா பாக்க வேண்டியது. நீளம் மூன்றரை சென்டிமீட்டர்லேர்ந்து 5 சென்டிமீட்டர் வரைக்கும், கருப்பு இல்லன்னா கரும்பழுப்பு, பளபளன்னு. தலையில ஒத்தக் கொம்பு பின்னாடி வளைஞ்சு நிக்கும். கழுத்துப் பலகை, அதான் தலைக்கு அடுத்து இருக்குற முதுகு ஓடு, அதுல முன்பக்கம் குழியா இருக்கும், அந்தக் குழியோட பின் விளிம்புல சின்னதா ரெண்டு மேடு. கொம்பு நுனியில கவை விழுந்து, கழுத்துப் பலகையிலேர்ந்தும் இன்னொரு கவைக்கொம்பு முன்னாடி நீட்டுச்சுன்னா அது ஸைலோட்ரூபெஸ், கூட்டம் ஒண்ணு தான், ஆளு வேற. ஐரோப்பாவுல ஒரிக்டெஸ் நாசிகார்னிஸ், ஆப்பிரிக்காவுல ஒரிக்டெஸ் மோனோசெரோஸ்னு ஒரே பேரினத்துல ஒடம்பொறப்புங்க இருக்கு. இதுல ஆப்பிரிக்காக்காரன் அங்க தென்னைய துளைக்கிறான், ஐரோப்பாக்காரன் தென்னையே பாக்காம மரத்தூள்லயும் மக்குன கட்டையிலயும் வாழ்ந்துட்டு போறான்.

ஆணா பொண்ணான்னு கொம்ப வச்சு மட்டும் சொல்லாதீங்க. ஆணுக்கு கொம்பு நீளம் தான், ஆனா புழுவுல சரியா தின்னாம வளந்த ஆணுக்கும் கொம்பு குட்டையா இருக்கும். திருப்பிப் போட்டு பின்பக்க நுனிய பாருங்க, செம்பட்டை முடி பிரஷ் மாதிரி அடர்த்தியா இருந்தா பொண்ணு, வழுவழுன்னு இருந்தா ஆணு. இது ஏமாத்தாது.

இப்ப புழுவுக்கு வருவோம், என்னைய முட்டாளாக்குனது இது தான். எருவுல கெடைக்கிற வெள்ளைப்புழு எல்லாமே பாக்க இங்கிலீஷ் சி எழுத்து மாதிரி சுருண்டு, பழுப்புத் தலை, ஆறு காலுன்னு ஒரே அச்சு தான், எல்லாம் ஸ்காரபேயிடே. பிரிக்குறதுக்கு ஒரு சோதனை. புழுவ அலசிட்டு சமதளமா ஒரு பலகையில, இல்ல சிமெண்ட் தரையில விடுங்க, விட்டுட்டு கைய எடுத்துருங்க. ஒரு நிமிஷத்துல ஒண்ணு மல்லாந்து படுத்து, காலு ஆறயும் வானத்தப் பாக்க வச்சுக்கிட்டு, முதுகாலயே அலை அலையா நெளிஞ்சு விறுவிறுன்னு நகந்து போகும். பாக்க சிரிப்பா இருக்கும், ஆனா அது செட்டோனினே, பூவண்டுக் கூட்டம், குப்பைய மக்க வைக்குறது இவங்க தான், திரும்ப குழியிலயே விட்டுருங்க. இன்னொண்ணு பக்கவாட்டுல சாஞ்சு சுருண்டு கெடக்கும், நகர முடியாம தத்தளிக்கும், தலை பெருசு, முழுசா வளந்த புழுவுக்கு தலை மட்டுமே 1 சென்டிமீட்டருக்கு கொஞ்சம் கூட அகலம், ஒடம்ப நீட்டிப் பாத்தா 6லேர்ந்து 10 சென்டிமீட்டர். பின்பக்கம் தின்ன குப்பை உள்ள தெரிஞ்சு நீலச்சாம்பலா இருக்கும். கோழிக்கு கொட்ட வேண்டியது இது.

காலே இல்லாம, மஞ்சள் கலந்த வெள்ளையில, நடு வயிறு உப்புன புழு மரத்துக்குள்ளேர்ந்து வந்துச்சுன்னா கதையே வேற. அது சிவப்புக் கூன்வண்டு, ரிங்கோஃபோரஸ் ஃபெருஜினியஸ் (ஒலிவியர், 1790), குர்குலியோனிடே குடும்பம், மூக்கு நீண்ட வண்டுங்களோட குடும்பம். காண்டாமிருக வண்டுக்கு வளந்த வண்டு மட்டும் தான் தென்னைய தின்னும், புழு மக்குனத தவிர வேற எதயும் தொடாது. கூன்வண்டுக்கு புழுவே மரத்த உள்ளேர்ந்து தின்னு சாய்ச்சுரும். இதுல கொடுமை என்னன்னா கொம்பன் போட்ட ஓட்டையில, கசியுற சாறு வாசனைக்கு கூன்வண்டு வந்து முட்டை வைக்கும். மொதல் திருடன் பூட்ட ஒடைச்சு வச்சா ரெண்டாவது திருடன் வீட்டையே தூக்கிட்டு போற மாதிரி. ரெண்டுக்கும் ஒரே மருந்துன்னு கடையில சொன்னா நம்பாதீங்க.

வண்டு கையில சிக்காட்டியும் மட்டைய வச்சே ஆளக் கண்டுபிடிக்கலாம். குருத்து விரியாம மடிஞ்சு இருக்கும்போது குறுக்க துளைக்கிறதால, விரிஞ்ச பிறகு ஓலை கத்திரிக்கோல் போட்டு வெட்டுன மாதிரி, தலைகீழா போட்ட வி மாதிரி, ரெண்டு பக்கமும் ஒரே அளவுல குறையா தெரியும். ஆனா ஒண்ணு கவனிங்க, அந்த வெட்டு இன்னைக்கு நடந்தது இல்ல. தென்னை வருஷத்துக்கு ஏறக்குறைய 12 மட்டை விடும், மாசத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்குங்க. வெட்டு விழுந்த மட்டை குருத்துலேர்ந்து எத்தனாவதுன்னு எண்ணுனா, எத்தனை மாசத்துக்கு முன்னாடி வண்டு விருந்துக்கு வந்துச்சுன்னு தோராயமா கணக்கு வந்துரும். உச்சியில நாலஞ்சு மட்டை சுத்தமா இருந்து அதுக்கு கீழ வெட்டு இருந்தா வண்டு வந்துட்டு போயிடுச்சு, இப்ப மருந்து வச்சு காச கரைக்காதீங்க. குருத்து அடியில, மட்டை இடுக்குல ஓட்டை இருந்து, வாயெல்லாம் கரும்பு சக்கை துப்புன மாதிரி ஈரமா நார் தள்ளியிருந்தா, புளிச்ச கள்ளு வாடை லேசா வந்தா, ஆளு உள்ளயே இருக்கான்.

உள்ள இருந்தா ரெண்டடி கம்பிய எடுத்து நுனிய தூண்டில் முள்ளு மாதிரி வளைச்சு ஓட்டையில விட்டு, தட்டுப்படுற வரைக்கும் தள்ளி, ஒரு முறுக்கு முறுக்கி இழுக்கணும். சித்தப்பா இதுல கில்லாடி, நான் குத்துனா குருத்துல தான் குத்துவேன். இழுத்த பிறகு ஓட்டைய சும்மா விடக்கூடாது, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் கணக்குல, குருத்த ஒட்டுன மூணு மட்டை இடுக்குல போட்டு விடணும். கன்னா இருந்தா பாச்சை உருண்டை மூணு, இடுக்குக்கு ஒண்ணா வச்சு மேல மணல் மூடிட்டு, 45 நாளைக்கு ஒருக்கா மாத்தணும். ஆமணக்குப் புண்ணாக்கு 1 கிலோவ 5 லிட்டர் தண்ணியில ஊற வச்சு மண்பானையில அங்கங்க வச்சா வாசனைக்கு வந்து விழும், நாத்தம் தாங்குறது உங்க சாமர்த்தியம்.

இனக்கவர்ச்சிப் பொறிய பத்தி என் சொந்த அடிய சொல்லிடுறேன். எத்தில் 4 மெத்தில் ஆக்டனோயேட்னு ஒரு வாசனை, ஆண் வண்டு விடுறது, அதுக்கு ஆணு பொண்ணு ரெண்டும் வரும், அத தான் பொட்டலமா வாளிக்கு மேல தொங்க விடுறாங்க. வாங்குன எடத்துல கடைக்காரர் "கன்னுக்கு நடுவுல கட்டுங்க, கன்ன காப்பாத்தும்"னாரு, நானும் மண்டைய ஆட்டிட்டு வந்து புதுசா நட்ட எடத்துல நட்ட நடுவுல கட்டுனேன். ஊருல இருக்குற வண்டுக்கெல்லாம் பத்திரிகை வச்சு கூப்பிட்ட மாதிரி ஆயிடுச்சு, வந்ததுல பாதி வாளிக்குள்ள விழுந்துச்சு, மீதி விழாம பக்கத்து கன்னுல எறங்கிடுச்சு, நாலு கன்னுக்கு குருத்தே போச்சு. பொறிய தோப்போட ஓரத்துல, கன்னுலேர்ந்து தள்ளி கட்டுங்க.

ஆனா வளந்த வண்டு பின்னாடி ஓடுறது பாதி வேலை தான். ஒரு பொண்ணு வண்டு ஆயுசுல 50லேர்ந்து 100 முட்டை வரைக்கும் மக்குன எடத்துல வைக்கும், பத்து நாள் முன்ன பின்ன பொரிஞ்சு, புழுவாவே மூணு நாலு மாசம், சில சமயம் ஆறு மாசத்துக்கு மேலயும் இருக்கும். அவ்வளவு நாள் ஒரே எடத்துல உக்காந்திருக்குற ஆள விட்டுட்டு ராத்திரி பறக்குறவன தேடுறோம். எருக்குழிய ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா கிளறுங்க, பலகை சோதனை போட்டு பிரிங்க. செத்த தென்னை, புயல்ல விழுந்த துண்டு, மொட்டையா நிக்கிற மரம் இதயெல்லாம் மக்க விடாம வெட்டி அப்புறப்படுத்துங்க. கஜாவுல எங்க பக்கம் பேராவூரணி பட்டுக்கோட்டைன்னு தோப்பு தோப்பா சாஞ்சப்ப அள்ள ஆளும் கெடைக்கல, காசும் இல்ல, அடுத்த ரெண்டு வருஷம் தப்பிச்ச மரத்துல எல்லாம் குருத்து வெட்டு.

குழிக்கு மெட்டாரைசியம் பூஞ்சை நல்லா வேலை செய்யும், 250 மில்லி கல்ச்சர 750 மில்லி தண்ணியில கலந்து குழியில தெளிக்கணும், குழியில ஈரம் இருக்கணும். செத்த புழு அழுகாம கெட்டியாகி, மேல பச்சைப் பொடி பூத்து நிக்கும், பாத்தா தூக்கிப் போடாதீங்க, அது தான் அடுத்த புழுவுக்கு பரப்பும்.

வகைப்பாடு இனத்தோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சா அதுவும் இல்ல. 1909ல இலங்கையிலேர்ந்து ரப்பர் கன்னோட ஒட்டிக்கிட்டு இந்த வண்டு பசிபிக்ல சமோவாவுக்கு போயிடுச்சு, அங்கேர்ந்து தீவு தீவா தென்னைய காலி பண்ணுச்சு. 1960கள்ல ஹூகர்ங்குற ஜெர்மன் விஞ்ஞானி மலேசியாவுல இந்த வண்டுக்கு வர்ற ஒரு வைரஸ் நோய கண்டுபிடிச்சாரு, 1967ல அத சமோவாவுல விட்டாங்க, வண்டு குடல்ல பெருகி, எச்சத்தோட அடுத்த வண்டுக்கு தொத்தி, பெருக்கம் நல்லாவே அடங்குச்சு. நம்ம பக்கமும் வைரஸ் ஏத்துன வண்ட தோப்புல விடுற முறை இருக்கு. ஆனா 2007ல குவாம் தீவுல வந்து எறங்குன வண்டுக்கு அந்த வைரஸ் ஒண்ணும் பண்ணல. கொம்பு அதே, மீசை அதே, பேரும் அதே ஒரிக்டெஸ் ரைனோசெரோஸ், மைட்டோகாண்ட்ரியா ஜீன்ல தான் வித்தியாசம் தெரிஞ்சுது. அத குவாம் வகைன்னு தனியா பிரிச்சு வச்சிருக்காங்க. அதே வகை 2013ல ஹவாய், 2015ல சாலமன் தீவுன்னு போய்க்கிட்டே இருக்கு. இந்தப் படிக்கு மட்டும் நம்ம கண்ணும் லென்ஸும் பத்தாது, லேப் தான்.

அதனால சந்தேகமா ஒரு வண்டு கெடைச்சா தூக்கி எறியாம வச்சிருங்க. போட்டோ எடுத்து அனுப்புறதா இருந்தா மேலேர்ந்து ஒண்ணு, பக்கவாட்டுல கொம்பு தெரிய ஒண்ணு, அடியில பின்பக்கம் தெரிய ஒண்ணு, பக்கத்துல ஒரு அஞ்சு ரூபா காசு வச்சு எடுங்க, அளவு தெரியும். முதுகுப் பக்கம் மட்டும் ஒரே ஒரு மங்கலான போட்டோ எடுத்து "இது என்ன வண்டு"ன்னு கேட்டா யாரா இருந்தாலும் வண்டுன்னு தான் சொல்ல முடியும். வண்டையே வச்சுக்குறதா இருந்தா ஊசிய நடுவுல குத்தாதீங்க, வலது பக்க மேல் இறக்கையில குத்துறது தான் வழக்கம், நடுவுல இருக்குற அடையாளம் கெடாம இருக்கும். ஊசியில ஒரு சின்ன சீட்டு மாட்டி எந்த ஊரு, எந்த தேதி, எதுல கெடைச்சது, யார் புடிச்சதுன்னு பென்சில்ல எழுதிடுங்க, சீட்டு இல்லாத வண்டு யாருக்கும் உதவாது. பொட்டி மூலையில ஒரு பாச்சை உருண்டைய போட்டு வைங்க, இல்லன்னா எறும்பும் சின்ன வண்டுங்களும் வந்து நம்ம வண்ட தின்னுட்டு கொம்ப மட்டும் விட்டு வைக்கும்.